அபடீனில் இருக்கும் நண்பனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஹேசில்ஹெட் பூங்காவில் நிற்கும் மூன்று தொழிலாளர்களின் சிலையைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். 167 பேர் செத்தார்கள், ஒரே இரவில்.

வட கடலில் இருந்த பைபர் அல்பா எண்ணெய் மேடையில் 1988 யூலை 6ஆம் திகதி நடந்ததை நாங்கள் பயிற்சியில் படித்திருக்கிறோம். பாதுகாப்பு வால்வு கழற்றியிருந்த பம்பை, அது தெரியாமல் இரவு முறைக்காரர் இயக்கினார்கள்; கசிந்து வெடித்துத் தீப்பிடித்தது. என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. தீ தெரிந்த பின்னும் பக்கத்து மேடைகள் எண்ணெய் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. நிறுத்தும் அதிகாரம் தமக்கில்லை என்று அங்கிருந்த பொறுப்பாளர்கள் நினைத்தார்களாம். அந்த நினைப்பு மேலிருந்துதானே வந்திருக்கும்?

இங்கே கொம்பனித்தெரு சைட்டில் போன மாதம் ஸ்லாப் கொங்கிறீற் போட்டுக்கொண்டிருந்தோம். ஹற்றன் பக்கத்துப் பொடியன் ஒருவன் ஓடிவந்து, "சேர், கீழ ஒரு முட்டு சரிஞ்சு நிக்குது" என்றான். புது முகாமையாளர் என்னை அனுப்பாமல் தானே இறங்கிப்போய்க் குந்தியிருந்து பார்த்தார். ஸ்லாப்பைத் தாங்கிய அந்த முட்டின் அடிப்பலகை பிளந்திருந்தது. உடனே வேலையை நிறுத்தினார். வீதியில் நாலு மிக்சர் லொறிகள். இரண்டு லோட்டைக் கொட்டவேண்டி வந்தது. முதலாளி தொலைபேசியில் கத்த, எங்கள் எல்லோருக்கும் கேட்கவே, "நிப்பாட்டினது நான்" என்றார். மறுநாள் காலைக் கூட்டத்தில் அந்தப் பொடியனையே முன்னுக்கு விட்டுப் பேசவைத்தார். மேசன் பாஸ் ஒருவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து ஏதாவது சொல்கிறார்கள்: கம்பி அறுந்திருக்கு, லிப்ட் குழிக்குத் தடுப்பு இல்லை. முன்பு இவை எதுவும் என் காதுக்கு வந்ததில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று, மச்சான். என் பழைய சைட்டில் ஒருவன் விழுந்து இடுப்பு முறிந்தது. "பாதுகாப்பு பெல்ட் மாட்டவில்லை" என்று அறிக்கை எழுதச் சொன்னார்கள். அந்தத் தட்டில் பெல்ட்டைக் கொளுவ ஓர் இடமே இருக்கவில்லை. அது தெரிந்தும் நான் கையெழுத்து வைத்தேன். அப்போது இப்படி ஒரு மனிதர் எனக்கு மேலே இருந்திருந்தால் மறுத்திருப்பேனா என்று யோசிக்கிறேன். மறுத்திருக்க வேண்டும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

உங்கள் ஆட்கள் முறை மாறும்போது வேலையைக் கையளிக்கும் புத்தகத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவாயா? முகாமையாளர் கேட்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்