பேத்தி கேட்ட பெரிய எண்

சென்னை, திருவல்லிக்கேணி

அன்புள்ள கயல்விழிக்கு,

நிறைய எண்களால் மீதியின்றி வகுபடும் பெரிய எண் ஒன்றைத் தாத்தாவிடம் கேட்டுச் சொல்லும்படி பேத்தி நச்சரிப்பதாக எழுதியிருந்தாய். அவளுக்காக நான் தேர்ந்தெடுத்திருப்பது 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிகமான காரணிகளைக் கொண்ட எண்களை இராமானுஜன் ஆராய்ந்து, 1915-இல் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். 1912-இல் நம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு, 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது அந்த ஆய்வினால்தான். அத்தகைய எண்களை அவர் வரிசையாகப் பட்டியலிட்டபோது, இடையில் விடுபட்டுப்போன ஒரே எண் இதுதான். கணிப்பொறி இல்லாத காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைத் திரட்டிய ஒருவரிடம் அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறையும் வரும். இதன் காரணி ஒன்றை உருவாக்கும்போது 2-ஐ ஒருமுறைகூட எடுக்காமலும் விடலாம், ஆறு முறை வரையிலும் எடுக்கலாம் என்பதால் அதற்கு 7 வழிகள். அவ்வாறே 3-க்கு 5 வழிகள், 5-க்கும் 7-க்கும் மும்மூன்று வழிகள், மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு வழிகள். எல்லாவற்றையும் பெருக்கினால் 5,040 காரணிகள் வருகின்றன.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று இறங்கிக்கொண்டே வருவதைக் கவனித்தாயா? 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினால் காரணிகள் அதே 5,040தான். ஆனால் எண் இரண்டேகால் மடங்காகப் பெருத்துவிடும். ஆகவே சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுப்பதே சிக்கனம். இத்தகைய எண்களில் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதையும், 4, 36 என்ற இரண்டு மட்டுமே அதற்கு விலக்கு என்பதையும் இராமானுஜன் நிறுவினார். அந்த விலக்குதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பேத்தியிடம் 1 முதல் தொடங்கி வரிசையாக வகுத்துப் பார்க்கச் சொல். 22 வரை மீதி வராது, 23-இல் தடுக்கும். அப்போது எண்ணை அந்த 23-ஆலேயே பெருக்கச் சொன்னால் 67,46,32,83,88,800 கிடைக்கும். காரணிகளும் சரியாக இரட்டித்து 10,080 ஆகும். இராமானுஜனின் பட்டியலில் கடைசியாக நிற்பது அந்த எண்தான். அது முதன்முதலில் எந்த எண்ணிடம் தடுக்கிறது என்று அவளே கண்டுபிடித்து எனக்கு எழுதட்டும். 29 என்று நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா