ஆசிரியருக்குக் கடிதம்: இன்னொரு வருடம் இருந்தால் யாருக்கு லாபம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லூரியிலேயே பணம் புரள்கிற காலம் இது, அதனால் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்குக்கு அவசரப்பட்டு ஓடாமல் கல்லூரியில் இன்னொரு வருடம் இருப்பதுதான் எந்த வீரனுக்கும் லாபம் என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்லியிருந்தார். அதற்கு அவர் காட்டிய உதாரணம், பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி. அங்கேதான் எனக்கு இடித்தது. அந்தக் கல்லூரிப் பணத்தை மற்றவர்களைப் போல வாங்கிப் போட்டுக்கொள்ள வழியே இல்லாமல் இருந்தவர் ஈடி. நான் பர்டூவில் முதுகலை படித்துவிட்டு, அது இருக்கும் இண்டியானா மாநிலத்திலேயே தங்கிவிட்டவன். இங்கே டீக்குப் பதில் காப்பி குடிப்பார்களே தவிர, கடைப் பேச்சு நம் ஊர் மாதிரிதான். ஈடி போவாரா இருப்பாரா என்பதை 2023 மே மாதம் முழுக்கப் பேசித் தீர்த்தார்கள்.

முதலில் பணக் கணக்கு. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில் வந்தது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு அந்த ஆண்டு வைத்த உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இதன் விளைவு கண்கூடாகவே தெரிகிறது. புது வீரர்களை என்.பி.ஏ. அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2021-இல் அதற்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள், வெளிநாட்டு இளம் வீரர்களையும் சேர்த்து, முந்நூற்றைம்பதுக்கும் மேல். 2025-இல் அது நூற்றுச் சொச்சமாக இறங்கிவிட்டது. இதுவரை கட்டுரையாளர் சொன்னது சரி.

ஆனால் ஈடி டொராண்டோவைச் சேர்ந்த கனடாக்காரர். இங்கே வெளிநாட்டு மாணவர் விசாவில் இருந்தவர். அந்த விசா எப்படிப்பட்டது என்று அமெரிக்காவுக்குப் பிள்ளையை அனுப்பிய எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். படிப்புப் பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை, அதுவும் வளாகத்துக்குள் மட்டும். உணவுக்கூடத்தில் தட்டு அடுக்கலாம், நூலகத்தில் உட்காரலாம். தெரு முனைப் பெட்ரோல் பங்கில் கல்லாவில் நின்றால் விசா போச்சு. நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தபோது, அதே தெருவில் தெரிந்தவர் கடையில் சனி ஞாயிறு நிற்க ஆள் கேட்டு, நாலு பேருமே பயந்துபோய் மாட்டோம் என்று சொன்னோம். அதே பயம்தான் 7 அடி 4 அங்குல உயரத்தில் நாடே அறிந்த ஒரு வீரருக்கும். உள்ளூர் கார் கடை விளம்பரத்தில் ஒரு நாள் நின்று காசு வாங்குவதுகூட வேலை என்று ஆகிவிடலாம். அவருக்குப் பந்து போட்டுக்கொடுத்த அமெரிக்கப் பையன்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் அவர் ஏன் இருந்தார்? 2023 மார்ச்சில் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் பர்டூ, ஃபேர்லி டிக்கின்சன் என்ற சின்னக் கல்லூரியிடம் 63-58 என்று தோற்றது. அந்தப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை 1 முதல் 16 வரை தரவரிசைப்படுத்துவார்கள். முதல் தரவரிசை அணி கடைசியான பதினாறாம் தரவரிசை அணியிடம் தோற்றது ஆண்கள் போட்டியின் வரலாற்றிலேயே இரண்டாவது முறை. நாட்டின் மிகக் குள்ளமான அணி அது. ஈடியின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நின்று பந்தே வராமல் பார்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பர்டூ எறிந்த 26 மூன்று புள்ளி வீச்சில் விழுந்தவை 5. ஈடி அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதை வாங்கினார். ஆனாலும் என்.பி.ஏ. தேர்வாளர்களின் பட்டியலில் இரண்டாம் சுற்றுக்காரர்தான். கால் மெதுவாக நகர்கிறது, கூடையை விட்டு வெளியே இழுத்தால் காவல் காக்க முடியாது என்றார்கள்.

இரண்டாம் சுற்று என்றால் என்ன என்பதைக் கட்டுரை விளக்கியிருக்க வேண்டும். முதல் சுற்றில் எடுக்கப்படும் 30 பேருக்கு முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உறுதியும் கிடையாது. அணி விரும்பினால் தரும். ஆக, ஈடி கல்லூரிக்குத் திரும்பினால் விட்டுக்கொடுப்பது உறுதியில்லாத ஒரு பணத்தை. கடைசி நாளான மே 31 அன்று டிராஃப்டிலிருந்து பெயரைத் திரும்பப் பெற்றார்.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. பர்டூவின் மேக்கி அரங்கில் அந்த வருடம் அவர் ஆடியதை மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூடைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று ஒரு கையைத் தூக்குவார். பின்னால் நிற்பவர் முழங்கையும் இடுப்பும் கொடுத்து முட்டித் தள்ளிக்கொண்டே இருப்பார். இவர் சண்டைக்குப் போகாமல் காலை அகட்டிக்கொண்டு காத்திருந்து, பந்து வந்ததும் ஒரே திருப்பில் தலைக்கு மேலிருந்து போட்டுவிடுவார். முந்தைய ஆண்டு இதே ஆட்டம்தான். வித்தியாசம், இப்போது ஆட்டத்தின் கடைசி நிமிடத்திலும் மூச்சு வாங்காமல் ஓடினார். சுற்றி நின்றவர்களும் வெளியிலிருந்து போட்டார்கள். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி, 12 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). 1980-க்குப் பிறகு முதல் முறையாகப் பர்டூ தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. 2024 ஏப்ரல் இறுதிப் போட்டியில் கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றாலும் அதில் 37 புள்ளி இவருடையது. அந்த ஆண்டு டிராஃப்டில் மெம்பிஸ் என்ற என்.பி.ஏ. அணி அவரை 9-ஆவது இடத்தில் எடுத்தது. முதல் வருடச் சம்பளமே 57 லட்சம் டாலரைத் தாண்டியது.

எல்லாம் சரி, ஆனால் அந்த உயர்வு முழுக்க அவர் உழைப்பா? 2024 டிராஃப்ட் திறமையான ஆட்கள் குறைவான, மெலிந்த டிராஃப்ட் என்று அப்போதே பேச்சு. பிரெஞ்சு நட்சத்திர வீரர் வெம்பன்யாமா வந்த 2023-ஐ விட அந்த ஆண்டு வரிசையில் முன்னால் இடம் காலியாக இருந்தது. இதை யாரும் வீரனிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம் ஆஸ்கர் ஷீப்வே. கென்டக்கி அணி, காங்கோ நாட்டுக்காரர், அதே மாணவர் விசா, 2022-இன் சிறந்த கல்லூரி வீரர். அவருடைய அணியும் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்றது. அவரும் திரும்பி வந்தார். ஆனால் அவர் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். அந்தக் கோடையில் கென்டக்கி பஹாமாஸ் தீவில் ஆடப் போனபோது, விளம்பர வேலைகளை அமெரிக்க மண்ணுக்கு வெளியே அங்கேயே முடித்துக்கொண்டார். பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. 2023 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. ஊர் அதைத் தோல்வி என்கிறது. என் கருத்து வேறு. முந்தைய வருடம் போயிருந்தாலும் இதே நிலைதான் என்றால், அந்த வருடம் அவருக்கு நஷ்டமே இல்லை. பார்க்கப்போனால், கையில் பெரிதாக எதுவும் வராமல், கால் முறிந்தால் எல்லாம் போகும் என்ற நிலையில் திரும்பிய ஈடியுடையதுதான் துணிச்சலான சூதாட்டம். ஜெயித்ததால் புத்திசாலித்தனம் ஆகிவிட்டது.

போக வேண்டியவர்கள் யார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. முதல் பத்து இடத்துக்குள் எடுப்பார்கள் என்று தெரிந்தால் போய்விட வேண்டும். ஒஹாயோ ஸ்டேட்டின் ஜேரட் ஸலிஞ்சர் 2011-இல் அந்த நிலையில் இருந்தும் கல்லூரியிலேயே இருந்தார். அடுத்த ஆண்டு முதுகுப் பிரச்சினை தெரியவந்து 21-ஆவது இடத்துக்கு இறங்கினார். கூப்பர் ஃபிளாக் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் ஆடிவிட்டு 2025-இல் முதல் ஆளாகப் போனதை யாராவது தப்பு சொல்வார்களா? பட்டம் போய்விடுமே என்று கட்டுரையாளர் கவலைப்பட்டிருந்தார். என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி 2009-இல் டேவிட்சன் கல்லூரியைப் பாதியில் விட்டார். 2022-இல் பட்டத்தை முடித்தார். கல்லூரி எங்கும் ஓடிவிடாது.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. ஒரு வருடம் தாமதித்தால் முதல் ஒப்பந்தம் மட்டுமல்ல, நாலு வருடம் கழித்து வருகிற பெரிய ஒப்பந்தமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். இருபத்திரண்டு வயதில் வருகிறவனிடம், இனி வளர என்ன இருக்கிறது என்றும் அணிகள் கேட்கும்.

கட்டுரையாளர் ஈடிக்குப் பதில், பணத்துக்காகத் திரும்பி வந்த அமெரிக்கப் பையன் ஒருவரைக் காட்டியிருந்தால் வாதம் நின்றிருக்கும். வெளிநாட்டு வீரனைப் பொறுத்தவரை, என்.பி.ஏ.வுக்குப் போனால் விளையாட்டு வீரருக்கான விசாவே கிடைத்துவிடுகிறது, சம்பளத்துக்குத் தடை இல்லை. அவனுக்குக் கல்லூரியிலேயே இருப்பதன் செலவு மற்றவனைவிட அதிகம்.

கூடைப்பந்தோ டென்னிஸோ, உதவித்தொகையில் இங்கே வந்து ஆடுகிற நம் பிள்ளைகளும் உண்டு. ஏதோ ஒரு கம்பெனி சமூக ஊடகத்தில் ஒரு படம் போடச் சொல்லிக் காசு தருகிறேன் என்றால், பயிற்சியாளரை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பர்டூ முன்னாள் மாணவன்,
இண்டியானா