பாரிஸோடு திரும்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரான்ஸ் பயணக் கட்டுரை என்றாலே ஈபிள் கோபுரம்தானா? பாரிஸின் சேன்-லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ரூவான் நகரம் வந்துவிடும். அங்கே பேராலயத்துக்கும் பழைய சந்தைச் சதுக்கத்துக்கும் நடுவே ஓடுகிற 'பெரிய கடிகாரத் தெரு'வைப் பற்றியும் யாராவது எழுதலாமே.

தெருவுக்குப் பெயர் தந்த அந்தக் கடிகாரத்தின் பழைய இயந்திரம் 1389-ல் செய்தது, ஆனால் தெருவின் குறுக்கே வளைவு கட்டி இப்போதைய முகப்பை வைத்தது 16-ம் நூற்றாண்டில்தான். முள் ஒன்றே ஒன்று, அது மணியை மட்டும் காட்டும், நிமிடத்தைப் பற்றி அந்தக் காலத்தில் யார் கவலைப்பட்டார்கள்! மேலே ஓர் உருண்டை நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டுகிறது. நான் வளைவுக்கு அடியில் நின்று மேற்கூரையில் செதுக்கிய மேய்ப்பனையும் ஆடுகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

இரண்டு பக்கமும் மரச்சட்டம் போட்டு இடையில் மண்பூச்சு அடைத்த வீடுகள், சில லேசாகச் சாய்ந்தே நிற்கின்றன. கீழ்த்தளம் முழுக்கத் துணிக்கடை, செருப்புக்கடை. அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது, சரி, வண்டியாவது வராத தெரு.

அப்படியே மேற்கே நடந்தால் சந்தைச் சதுக்கம். 1431-ல் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்த இடம் அதுதான். இப்போது பக்கத்திலேயே காபிக்கடை மேசைகள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்