ஜெனோமார்ஃபை நாய்க்குட்டி ஆக்கிவிட்டார்கள் என்று கோபப்படும் ஏலியன் ரசிகர்களுக்கு

அன்புள்ள ஏலியன் ரசிகர்களே,

'ஏலியன்: எர்த்' தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனில் ஏழாவது எபிசோட் பற்றி உங்களிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும். 2025 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவில் வெளியானது. கடைசி எபிசோடுக்கு ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. அந்த வாரம் முழுக்க நீங்கள் பேசிய பேச்சை எல்லாம் நான் படித்தேன், கேட்டேன். தொண்ணூறு சதவீதம் ஒரே பேச்சு: ஜெனோமார்ஃபை, அதாவது ஏலியன் படங்களின் அந்தக் கொலைகார வேற்றுக்கிரக ஜந்துவைக் கெடுத்துவிட்டார்கள், செயற்கை உடம்பில் குழந்தை மனத்தோடு வாழும் நாயகி வெண்டி கூப்பிட்டால் ஓடிவருகிறது, பட்டப்பகலில் காட்டிற்குள் ஓடுகிறது, ரப்பர் உடை போட்ட ஆள் மாதிரி இருக்கிறது. இவ்வளவு பேசிய நீங்கள், அதே எபிசோடில் ஆர்தர் சில்வியா என்கிற விஞ்ஞானி எப்படிச் செத்தார் என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் உங்கள் புகாரில் நியாயம் இருக்கும் இடத்தை ஒப்புக்கொள்கிறேன். வெயில். 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படத்தில் அந்த ஜந்து திரையில் வருவது மொத்தமே சில நிமிடங்கள்தான். உள்ளே இருந்தவர் பொலாஜி படேஜோ, ஏறத்தாழ ஏழடி உயரம், மெல்லிய உடம்பு. அவரை முழுசாகக் காட்டுவது அபூர்வம். ஒரு கை, ஒரு பல், சொட்டும் எச்சில், மீதியை நம் மூளையே போட்டுக்கொள்ளும். கல்லூரி விடுதியில் விளக்கை அணைத்துவிட்டு ஆறு பேர் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்த இரவு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, முடிந்த பிறகு தண்ணீர் குடிக்க வராந்தாவுக்குத் தனியாகப் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. அப்படி இருளில் வளர்ந்த ஒன்றைத் தாய்லாந்தின் பச்சை இலைகளுக்கு நடுவே உச்சி வெயிலில் நிறுத்தினால் பளபளப்பும் தெரியும், முழங்கால் மடங்குவதும் தெரியும். வேட்டா வொர்க்‌ஷாப் செய்த உடை அருமையான உடை, அதைப் போட்டு நடித்த கேமரன் பிரவுன் உயிரைக் கொடுத்துத்தான் நடித்திருக்கிறார். ஆனாலும் அந்த ஒளியில் அதைக் காட்டியது தப்புதான். சரி, இது உங்கள் பக்கம்.

ஆனால் 'அது கட்டளைக்குக் கீழ்ப்படியுமா, இது ஏலியன் வரலாற்றையே அவமதிப்பது' என்று சொல்கிறீர்களே, அங்கே என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நீங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் 1986-ஆம் ஆண்டுப் படமான 'ஏலியன்ஸ்'-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ராணி ஜந்து முட்டையிடும் அறையில் கதாநாயகி ரிப்ளி மாட்டிக்கொள்கிறாள். தீப்பிழம்பு கக்கும் துப்பாக்கியை முட்டைகள் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள். ராணி புரிந்துகொள்கிறது, தலையை அசைக்கிறது, காவலுக்கு நின்ற இரண்டும் பின்வாங்குகின்றன. அது பேரம் இல்லாமல் வேறென்ன? இரண்டு தாய்கள், ஒரு வார்த்தைகூட இல்லாமல் பேசிக்கொண்டார்கள். 1997-இல் வந்த நான்காவது படத்தில், குளிர்வாயுவைப் பீய்ச்சும் பொத்தானைக் காட்டி விஞ்ஞானிகள் அந்த ஜந்துவை மிரட்டுகிறார்கள், அதுவும் கற்றுக்கொண்டு ஒதுங்குகிறது. பிறகு அதே பொத்தானை அதுவே ஒரு மனிதன் மேல் அழுத்துகிறது. ஆகவே அது புரிந்துகொள்ளும், கற்றுக்கொள்ளும் என்பதெல்லாம் இந்தத் தொடரை உருவாக்கிய நோவா ஹாலி நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை.

அப்புறம் இன்னொன்று. வெண்டிக்கும் அந்தக் குறிப்பிட்ட ஜெனோமார்ஃபுக்கும் என்ன உறவு என்பதை எத்தனை பேர் மறந்துவிட்டீர்கள்! அது வளர்ந்தது ஜோ ஹெர்மிட்டின் நுரையீரலில். வெண்டியின் சொந்த அண்ணனின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்து, தொட்டியில் உயிரோடு வைத்து, அதற்குள் ப்ராடிஜி நிறுவனத்தின் செயற்கை மனிதர் கர்ஷ் விட்ட கரு அது. நான்காவது எபிசோடில் வெளியே வந்ததுமே அதைத் தொட்டவள் வெண்டி. அண்ணனின் ரத்தத்தில் பிறந்தது என்றால் அவளுக்கு அது யார்? இதற்கு நாய்க்குட்டி என்று பெயர் வைப்பது எனக்கு ரொம்பச் சின்னத்தனமாகப் படுகிறது. தவிர, கூண்டைத் திறந்துவிட்டவுடன் ஆய்வகத்தில் அது என்ன செய்தது என்று பார்த்தீர்கள்தானே. காட்டில் படைவீரர்களைக் கிழித்துப்போடும்போது ஜந்துவைப் பார்க்காமல் ஜோவின் முகத்தை ஒருமுறை பாருங்கள். தன் தங்கை இதைக் கூப்பிட்டாள், இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதை அவன் அந்த நிமிடத்தில்தான் உணர்கிறான். எனக்கு அது பயமாகத்தான் இருந்தது. ஜந்துவிடம் இருந்த பயம் அந்தப் பெண்ணிடம் மாறிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

வெண்டியைப் போலவே செயற்கை உடம்பில் வாழும் சிறுமி நிப்ஸ் விஷயத்திலும் நீங்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டீர்கள். ஜோ துரோகி என்று ஒரு கூட்டம், நிப்ஸ் பைத்தியம் என்று இன்னொரு கூட்டம். என்னைக் கேட்டால் ஜோ சுட்டது சரி. அவள் ஒரு மனிதனின் தாடையைப் பிய்த்து எடுத்த பிறகு அவன் வேறென்ன செய்வான், கையில் இருந்த துப்பாக்கியால் நிறுத்தினான். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பிள்ளை எதைப் பார்த்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காட்டுக்குள் வரிசையாகக் கல்லறைகள். அவற்றில் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள். நோயில் சாகக் கிடந்த குழந்தைகளின் மனத்தை எடுத்துச் செயற்கை உடம்பில் ஊற்றிய பிறகு, மிச்சமிருந்த சின்ன உடம்புகளை அந்த நிறுவனம் புதைத்த இடம். முன்பே அவள் நினைவையும் அழித்து எழுதியிருந்தார்கள். தன் கல்லறையைத் தானே பார்த்த ஒரு குழந்தை அந்தத் தீவிலிருந்து தப்பிக்க அமைதியாகப் படகில் ஏறி உட்கார வேண்டும் என்று எப்படி எதிர்பார்த்தீர்கள்?

இப்போது ஸ்லைட்லிக்கு வருகிறேன்.

ஸ்லைட்லியாக நடித்தவர் நம் நாட்டு நடிகர் ஆதர்ஷ் கௌரவ். கதையில் அவன் இயற்பெயர் ஆருஷ் சிங். நடிப்பு எரிச்சலூட்டுகிறது, பெரிய ஆள் குழந்தை மாதிரிக் குதிக்கிறார் என்று உங்களில் நிறையப் பேர் எழுதினீர்கள். ஏழாவது எபிசோடைப் பார்த்த பிறகும் அதையே சொன்னீர்கள் என்றால் எனக்கு வருத்தம்தான். அந்த உடம்பு வளர்ந்த ஆணின் உடம்பு, உள்ளே இருப்பது ஒரு சிறுவன். அந்தச் சிறுவனுக்கு எதிர்ப்பக்க நிறுவனமான வெய்லண்ட்-யூடானியின் ஆள் மாரோ தலைக்குள்ளேயே பேசி, வீட்டாரை ஒழித்துவிடுவேன் என்று மிரட்டுகிறான். ஒரு மனிதனை அந்த முட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோ, முகத்தைக் கவ்வட்டும், பிறகு என்னிடம் கொண்டுவா என்கிறான். ஆறாவது எபிசோடில் பையன் அதைச் செய்துவிட்டான். ஆர்தரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினான். அந்தத் தீவிலேயே அந்தப் பிள்ளைகளிடம் மனிதத்தன்மையோடு நடந்துகொண்ட ஒரே ஆள் ஆர்தர்தான். நிப்ஸின் நினைவில் கைவைக்க மாட்டேன் என்று சொன்னதற்காக வேலையை இழந்தவர். தப்பித்துப் போகட்டும் என்று பிள்ளைகளின் இருப்பிடத்தைக் காட்டும் கருவிகளை அணைத்துவைத்தவர்.

ஏழாவது எபிசோடில் ஸ்லைட்லியும் அவனைப் போன்ற இன்னொரு பையன் ஸ்மீயும் அவர் உடம்பைச் சுமந்து, இழுத்து, கடற்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டு சிறுவர்கள் உடைத்த பாத்திரத்தை அம்மா கண்ணில் படாமல் ஒளிக்கிற மாதிரிதான் அது எடுக்கப்பட்டிருக்கிறது. முதலில் சிரிப்புக்கூட வந்தது எனக்கு. பிறகு வழியில் அந்த ஜந்து தானாக முகத்தை விட்டு விழுகிறது, ஆர்தர் எழுந்துகொள்கிறார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பையன்களிடம் வழக்கம்போலவே பரிவாகத்தான் பேசுகிறார். ஸ்லைட்லியின் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வரும் பாருங்கள். சரியாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பும் ஒரு குழந்தையின் நிம்மதி. நமக்கோ 1979-லிருந்து தெரியும், எழுந்து பேசுகிறவர் அடுத்து என்ன ஆவார் என்று, முகத்தைக் கவ்வியது உள்ளே விட்டுப்போன கரு நெஞ்சைப் பிளந்துகொண்டு வரும் என்று. அந்தப் படத்தில் சாப்பாட்டு மேசையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. இங்கே பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும், அந்தப் பையனுக்கு மட்டும் தெரியாது. கடற்கரையில் ஆர்தரின் நெஞ்சு வெடிக்கிறது. பாதி வெடித்த நிலையில் நான் இடைநிறுத்தினேன், என்னால் தொடர முடியவில்லை. அலுவலகம் போகும் அவசரத்தில் காலையில் பார்த்தேன், அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

இந்தத் தொடரில் இதைவிடக் கொடூரமான காட்சி இல்லை என்பது என் எண்ணம். பட்டப்பகல்தான், வெயில்தான், மணல்தான். ஆனால் இங்கே அந்த வெளிச்சம் சரியாக வேலை செய்தது. அதைப் பற்றி நீங்கள் பேசவில்லை.

அதோடு கர்ஷ். எல்லாம் அவருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தார். மாரோவைப் பிடிக்க ஆர்தர் தூண்டில் புழு, ஸ்லைட்லி தூண்டில் கயிறு. பிடித்தும்விட்டார். கதை நடப்பது 2120-இல், பூமியை ஐந்து நிறுவனங்கள் பங்குபோட்டு ஆள்கின்றன, அதில் இரண்டு ஒன்றோடொன்று மோதும்போது நடுவில் ஒரு நல்ல மனிதர் நசுங்கினார், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. முதல் படத்தில் ரிப்ளி கணினியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ரகசியமும் இதுதானே, ஜந்துவைக் கொண்டுவந்தால் போதும், கப்பலில் இருப்பவர்கள் போனாலும் பரவாயில்லை என்று. நீங்கள் 'உண்மையான ஏலியன் எங்கே' என்று கேட்டீர்கள். இதோ இங்கேதான் இருந்தது. மாரோவும் அதே நிறுவனத்துக்காக 65 ஆண்டுப் பயணத்தில் தன் வாழ்க்கையைக் கொடுத்தவன், அவன் விண்வெளியில் இருக்கும்போதே மகள் இறந்துபோனாள். அப்படிப்பட்டவன்தான் இன்னொருவர் பிள்ளையை மிரட்டுகிறான். இதையெல்லாம் விட்டுவிட்டு வாலின் நீளத்தை அளந்துகொண்டிருந்தோம்.

ஆட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண் வடிவில் இருக்கும் இன்னொரு வேற்றுக்கிரக ஜந்து குடியேறிய ஆடு, ப்ராடிஜியின் முதலாளி பாய் கவாலியர் முன்னால் குளம்பைத் தட்டித் தட்டி, கணிதத்தில் வரும் பை (π) எண்ணின் இலக்கங்களைச் சொன்னது எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்தது. ஆனால் அதைப் பார்த்ததும் அந்த ஆளுக்கு என்ன தோன்றுகிறது? ஆட்டுக்குப் பதில் மனிதன் ஒருவனைக் கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. குழந்தைகளின் மனத்தை ஊற்ற உடம்பு தேடிய அதே மூளை, இப்போது கண்ணுக்கு உடம்பு தேடுகிறது. அவனுக்கு எல்லோருமே எதையாவது ஊற்றிவைக்கும் பாத்திரங்கள்தான். ஆட்டை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பிக்கொண்டிருந்ததில் இது காணாமல் போய்விட்டது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் இந்தக் கதைகளை நேசிப்பதால்தான் கத்துகிறீர்கள் என்று தெரியும், நானும் அதே கூட்டத்து ஆள்தான். என் வருத்தமெல்லாம் அந்த அவசரம்தான். எபிசோட் முடிந்த அரைமணி நேரத்தில் 'தொடர் நாசம்' என்று பெரிய எழுத்தில் போட்டால், இன்னும் பார்க்காதவன் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பான். அவன் ஜந்துவின் முழங்காலைப் பார்ப்பான், ஸ்லைட்லியின் முகத்தைப் பார்க்க மாட்டான். என் தம்பி அப்படித்தான் பார்த்தான். ஆர்தர் செத்த காட்சி எப்படி இருந்தது என்று கேட்டால், ஓ, அது ஒன்று இருந்ததா என்றான்.

2025 நவம்பரில் இரண்டாவது சீசன் உறுதியாகிவிட்டது, படப்பிடிப்பு லண்டனுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். எடுப்பவர்கள் நாம் பேசியதை எல்லாம் படித்திருப்பார்கள். இருட்டைக் கொண்டுவாருங்கள் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் வெண்டியிடமிருந்து அதைப் பிரித்துவிடுங்கள், குழந்தைகள் கதை வேண்டாம், பழையபடி குழாய்களுக்குள் துரத்தினால் போதும் என்று கேட்காதீர்கள். குழாய்களுக்குள் துரத்துவதைத்தான் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டோமே. தன் வீட்டாரைக் காப்பாற்ற, தன்மேல் பாசம் வைத்திருந்தவரையே கொன்றுவிட்ட அந்தப் பையன் இனி எப்படி வாழப்போகிறான் என்பதைக் கேளுங்கள். எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஏழாவது எபிசோடை இன்னொரு தடவை போடுங்கள். காட்டுச் சண்டையை வேண்டுமானால் தள்ளிவிட்டுக்கொள்ளுங்கள். ஸ்லைட்லியும் ஸ்மீயும் ஆர்தரைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் இடத்திலிருந்து கடற்கரை வரைக்கும் பாருங்கள், போனைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு எட்டாவதில் அந்தக் கண் கடைசியாக எந்த உடம்பைத் தேடிப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். அதுவரை அந்த மனிதர் அதே மணலில், யாரும் எடுத்துப்போகாமல், தனியாகக் கிடந்திருக்கிறார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்