ஃபிரிட்ஜ் கதவை மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், மாட்டுங்கா, மும்பை

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் ஊழியர் அசிட்டோன் தேய்த்ததால் பாழான ஃபிரிட்ஜ் கதவு

ஐயா,

கதவு ரப்பர் தளர்ந்துபோனதால், உத்தரவாதக் காலத்துக்குள் சர்வீஸ் கேட்டிருந்தேன். வந்த இளைஞர் ரப்பரை நன்றாகவே மாற்றிக் கொடுத்தார். ஆனால் திறந்திருந்த கதவில் வேலைச் சீட்டை வைத்து எழுதியபோது அவருடைய பால்பாயிண்ட் பேனா கசிந்து, உட்புற வெள்ளைப் பிளாஸ்டிக்கில் நீல மை அப்பிக்கொண்டது. இதோ துடைத்துவிடுகிறேன் என்று பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்தார். நெடி மூக்கில் ஏறியதுமே, பல நெயில் பாலிஷ் ரிமூவர்களில் இருக்கும் அசிட்டோன் என்ற கரைப்பான் அது என்று தெரிந்து தடுத்தேன். நான் வேதியியல் ஆசிரியை. அதற்குள் அழுத்தித் தேய்த்துவிட்டார்.

மை போய்விட்டது. தேய்த்த இடம் இளகிப் பிசுபிசுத்து, துணியின் நூலிழைகள் அதிலேயே ஒட்டி இறுகிவிட்டன. பாட்டில் தட்டு மாட்டும் கொக்கியைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன. தண்ணீர் பாட்டில்களை அதில் வைக்கப் பயமாக இருக்கிறது.

ஃபிரிட்ஜின் உட்புறம் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனது. இரண்டையுமே அசிட்டோன் இளக்கிவிடும் அல்லது கரைத்துவிடும். பால்பாயிண்ட் மையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் வெறும் தண்ணீருக்கு அசையாது என்பது உண்மைதான். அதற்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் இருக்கிறது. அது எளிதில் தீப்பற்றும் என்பதால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்த்து, கறையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுத்து, உடனே ஈரத்துணியால் துடைத்தால் போதும். இதைச் சொல்லித் தராமல் அந்தச் சீசாவோடு வீடு வீடாக ஆளை அனுப்புகிறீர்களே, அதுதான் என் கோபம். அந்த இளைஞரின் சம்பளத்தில் கைவைத்து இதை முடித்துவிடாதீர்கள்.

தொலைபேசியில் கேட்டதற்கு, மைக்கறை வாடிக்கையாளரால் ஏற்பட்டது, உத்தரவாதத்தில் வராது என்றார்கள். நான் கறையைப் பற்றிப் புகார் செய்யவே இல்லை. அந்த இளைஞர் கையெழுத்திட்ட வேலைச் சீட்டின் ஓரத்திலும் அதே நீல மை படிந்திருக்கிறது. சீட்டின் நகலையும் கதவின் புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன்.

கதவின் உட்பகுதியையும் பாட்டில் தட்டையும் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். உங்கள் கையேட்டில் "கடுமையான ரசாயனங்களைத் தவிர்க்கவும்" என்று மட்டுமே இருக்கிறது. அசிட்டோன், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் என்று பெயர் சொல்லியே அச்சிடுங்கள். பிள்ளைகள் கிறுக்கிய மையை எடுக்க எத்தனையோ வீடுகளில் ரிமூவரைத்தான் முதலில் தேடுவார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இதைச் சேவைக் குறைபாடாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடம் கொண்டுசெல்வேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: வேலைச் சீட்டின் நகல், கதவின் புகைப்படங்கள்