புள்ளியை மட்டும் வைத்து வரிசை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரிக் கூடைப்பந்து சீசன் தொடங்கும் முன்பே தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி ரசிகர்கள் எடுத்த மொத்தப் புள்ளியை வைத்து வீரர்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தி மல்லுக்கு நிற்கிறார்கள். ஆர்வம் நல்லதுதான், கணக்குதான் தப்பு.

40 நிமிட ஆட்டத்தில் 36 நிமிடம் ஆடி 18 புள்ளி எடுப்பவரைவிட, 20 நிமிடத்தில் 12 எடுப்பவரின் புள்ளி சேர்க்கும் வேகம் அதிகம். வளையத்தருகே 10 எறிந்து 5 விழுந்தால், ஒன்றுக்கு 2 வீதம் 10 புள்ளி. 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் ஒன்றுக்கு 3; 10-ல் 4 விழுந்தாலே 12!

பெரிய சிக்கல் வேறு. ஆட்ட அலுவலர்கள் மேசையில் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் ஒரு வீரர் பெயருக்கு நேரே புள்ளியும் ஃபவுலும்தான் பதிவாகும்; ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்), பந்தைப் பறிகொடுத்தது எதுவும் இராது. அதனால்தான் நல்ல தடுப்பாட்டக்காரர் பட்டியலில் பின்தங்கிப் போகிறார். மைதானத்தில் ஒருவர் இவற்றைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டு வந்தால் இந்தக் குறை தீரும்.

இப்படிக்கு,
கூடைப்பந்து ரசிகர்கள், கும்பகோணம்