எல்.சி. திறக்க டாலர் இல்லாதபோது

ஆசிரியருக்கு,

நட்பு நாட்டில் ஆட்சி ஆட்டம் காணும்போது இந்தியா யார் பக்கம் நிற்க வேண்டும் என்று தங்கள் தலையங்கம் கேட்டிருந்தது. 2022-இல் இலங்கையில் நடந்ததைக் கவனித்தவர்களுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் பிசகாகத்தான் தெரியும். அன்று அந்த நாட்டுக்குத் தேவைப்பட்டவை டீசல், மருந்து, அரிசி. அவற்றை இறக்குமதி செய்ய எல்.சி. (விற்பவருக்குப் பணம் வந்துசேரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்க டாலர் இல்லை. அந்த இடத்தில்தான் இந்திய உதவி வேலை செய்தது. சில இடங்களில் சறுக்கவும் செய்தது.

ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி 40 கோடி டாலரை நாணயப் பரிமாற்றமாக, அதாவது இலங்கை ரூபாய்க்கு ஈடாகக் குறுகிய காலத்துக்கு, கொடுத்தது. ஆசிய நாடுகள் சிலவற்றின் மத்திய வங்கிகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இலங்கை கட்ட வேண்டிய தொகைக்கும் தவணை தள்ளிப்போடப்பட்டது. பிப்ரவரியில் எரிபொருளுக்கு எக்ஸிம் வங்கி (இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) 50 கோடி டாலர் கடன் வசதி தந்தது. பிறகு அதில் இன்னும் 20 கோடி சேர்ந்தது. மார்ச் 17-இல் உணவு, மருந்துக்கென பாரத ஸ்டேட் வங்கி 100 கோடி டாலர் தர ஒப்பந்தமானது. எல்லாம் சேர்ந்து அந்த ஆண்டில் ஏறத்தாழ 400 கோடி டாலர்.

கடன் வசதி என்றால் கொழும்புக்கு ரொக்கமாகப் போகும் பணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இலங்கை இறக்குமதியாளர் இந்திய விற்பனையாளரிடம் சரக்குக்கு ஆர்டர் கொடுப்பார். விற்பனையாளருக்கு இந்தியாவிலேயே வங்கி பணம் கொடுத்துவிடும். சரக்கு கப்பலேறும். கடன் இலங்கை அரசின் கணக்கில் ஏறும். இதில் ஒரு பெரிய வசதி, அமைச்சர் மாறினாலும் ஒப்பந்தம் செல்லுபடியாகும். மார்ச் 17 ஒப்பந்தத்துக்காக டெல்லி வந்த நிதியமைச்சர் பசில் ராஜபக்ச அதன்பின் மூன்று வாரம்கூடப் பதவியில் இல்லை. மே 9-இல் பிரதமர் மகிந்த விலகினார். ஜூலை 13-இல் ஜனாதிபதி கோத்தபய மாலத்தீவுக்குப் பறந்தார். ஒப்பந்தம் மட்டும் அப்படியே நின்றது. ஆள்பவரை நம்பி ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சறுக்கியது எங்கே? முதலாவது, இடைவெளி. இந்தியா 40,000 டன் டீசல் அனுப்பியது என்று படிக்கும்போது மலைப்பாக இருக்கும். சாதாரண நாளின் தேவைப்படி பார்த்தால் அது பத்து நாளுக்குக்கூடத் தாங்காது. எரிபொருளுக்கான 70 கோடி டாலரும் ஜூன் நடுவில் தீர்ந்தது. அடுத்தது தயாராக இல்லை. ஜூன் 27 நள்ளிரவு முதல் அத்தியாவசியச் சேவைகளுக்குத் தவிர யாருக்கும் எரிபொருள் கிடையாது என்று அறிவிக்க நேர்ந்தது. ஜூலை 9-இல் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள்.

இரண்டாவது, பருவம். யூரியாவுக்கான 5.5 கோடி டாலர் கடன் ஜூன் 10-இல்தான் கையெழுத்தானது. 44,000 டன் வந்திறங்கியபோது ஜூலை. சிறுபோகம் என்ற ஆண்டின் நடுப்பருவ நெற்பயிருக்கு ஏப்ரல், மே மாதங்களிலேயே விதைத்துவிடுவார்கள். அந்தப் பயிருக்கு இந்த உரம் தாமதமாகத்தான் வந்தது. மூன்றாவது, மருந்து. அவசரம் என்று பதிவு விதிகளைத் தளர்த்தினால் கூடவே மோசடியும் நுழைந்துவிடும். அக்காலத்து இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரத மருந்து) கொள்முதல் விவகாரத்தில் அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பிப்ரவரியில் கைதானார்.

தமிழ்நாடு அனுப்பியதையும் சொல்ல வேண்டும். 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா (பால் பவுடர்), 137 வகை மருந்துகள். மதிப்பு 123 கோடி ரூபாய். அரிசியைத் தலைக்குப் பங்கு போட்டால் இரண்டு கிலோகூட வராது, பால்மா ஒருவருக்கு இருபது கிராம் சொச்சம். ஆகவே இதைப் பசி தீர்த்த உதவி என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் அளவை விட முக்கியமான ஒன்று இதில் நடந்தது. முதலில் வடக்கு, கிழக்கு, கொழும்பு, மலையகத் தமிழர்களுக்கு என்றுதான் ஒன்றிய அரசிடம் அனுமதி கேட்கப்பட்டது. ஏப்ரல் 29-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோது அது இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று மாறியிருந்தது. நாடே வரிசையில் நிற்கும்போது ஒரு தெருவில் தமிழ் வீட்டுக்கு மட்டும் மூட்டை இறங்கினால், அந்தத் தமிழ் வீட்டுக்குத்தான் அது வம்பு.

அரசியலில் தலையிடாமல் இருந்ததும் ஒரு வேலைதான். 1971-இல் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி என்ற இடதுசாரிக் கட்சி) கிளர்ச்சியின்போது பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசுக்கு ஹெலிகாப்டர்களும் கடற்படைக் கப்பல்களும் அனுப்பினோம். 1987-இல் யாழ்ப்பாணத்தில் விமானத்திலிருந்து உணவு போட்டோம், பின்னாலேயே அமைதிப்படை போனது. 1990-இல் திரும்பியபோது சுமார் 1,200 வீரர்களை இழந்திருந்தோம். ஈழத்தமிழர் பட்டது தனிக்கதை. 2022-இல் இந்தியா படை அனுப்புகிறது என்ற வதந்தியையும், கோத்தபய தப்பிச் செல்ல உதவியது என்ற வதந்தியையும் கொழும்பு இந்தியத் தூதரகம் அன்றன்றே மறுத்தது. சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லை. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை (சேமிப்புத் தொட்டிகளை) இந்தியாவுடன் சேர்ந்து மேம்படுத்தும் ஒப்பந்தம் ஜனவரியில், எரிபொருள் கடன் பிப்ரவரியில் என்றால் யாருக்கும் புருவம் உயரும். திட்டங்களையும் நிவாரணத்தையும் ஒரே மேசையில் வைக்காமல் இருந்திருக்கலாம்.

ஆனாலும் பலன் தெரிந்தது. இந்திய எதிர்ப்பில் வளர்ந்த ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியான பின், 2024 டிசம்பரில், முதல் வெளிநாட்டுப் பயணமாக வந்தது டெல்லிக்கு.

இன்னொன்று, பேச்சில் அடிபடாதது. கடனைச் சீரமைக்க ஒத்துழைக்கிறோம் என்று 2023 ஜனவரியில் ஐ.எம்.எஃப்.புக்கு (சர்வதேச நாணய நிதியம்) முதலில் எழுத்து மூலம் உறுதி தந்த கடன்கொடுத்த நாடு இந்தியா. மார்ச் 20-இல் சுமார் 300 கோடி டாலர் திட்டம் ஒப்புதலானது. புதிதாக ஒரு டாலரும் கொடுக்காமல் செய்த இந்த உதவி, முன்பு அனுப்பிய பல கப்பல்களை விடக் கனமானது.

அடுத்த முறை, அது எந்த அண்டை நாடானாலும், முதல் கடன் பாதி தீரும்போதே அடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். உரத்துக்கு விதைப்புக் காலம் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். அந்த நாட்டில் ஏற்கெனவே பதிவான மருந்துகளின் பட்டியல் அமைதிக் காலத்திலேயே நம் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி